இருநூறு தாள்கள்

கதை எழுதுகிறவனுக்குக் காகிதத்தின் மேல் ஒரு பேராசை உண்டு. வெள்ளைத் தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தப் பேராசை என் பேத்தியின் தலையில் போய் விடிந்த சமாசாரத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பேத்திக்கு அப்போது ஒன்பது வயது முடிந்திருந்தது. நான்காம் வகுப்பு. பேச்சு கொஞ்சம் திக்கும். வீட்டில் எங்களோடு பேசும்போது அவ்வளவாகத் தெரியாது. 'க'விலோ 'ப'விலோ ஆரம்பிக்கிற வார்த்தை வந்தால் ஒரு கணம் நிற்பாள், பிறகு வந்துவிடும். வகுப்பில் எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொன்னால் மட்டும் அந்த ஒரு கணம் ஒரு யுகமாகிவிடுமாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரிக்கத்தான் சிரிப்பார்கள் என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். ஆனால் பொங்கலுக்குப் பிறகு, தினம் காலையில் சீருடை போட்டதும் குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாந்தி வராததைக் கவனித்தவள் என் மருமகள்தான்.

சித்திரை பிறந்த மறுநாள் மருமகள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, ஜூன்லேர்ந்து இவளைப் பள்ளிக்கூடம் அனுப்பப் போறதில்லை. வீட்டிலேயே படிக்கட்டும்னு இருக்கோம்."

மகன் அவளுக்குப் பின்னால் நின்று, அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகை வெகு சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

'வீட்டிலேயே படிக்கட்டும்' என்ற வார்த்தைகளை அதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 1959-ஆம் வருஷம், கும்பகோணத்தில். என் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. பெரியவளாகிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அப்பா கொடுமைக்காரர் அல்ல. "அழாதே, வீட்டிலேயே படிக்கட்டும்" என்று சொல்லி, பெரிய கடைத் தெருவுக்குப் போய்க் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி வந்தார். அக்கா முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, திங்கட்கிழமை கணக்கு, செவ்வாய்க்கிழமை பூகோளம் என்று எழுதி வைத்தாள். பூகோளம் சொல்லிக் கொடுக்க வீட்டில் யார் இருந்தார்கள்? மூன்றாவது வாரம் பால் கணக்கு எழுத அம்மா ஒரு பக்கம் கேட்டாள். அப்புறம் சலவைக் கணக்கு. ஆறு மாதத்தில் அதற்குப் பால் கணக்கு நோட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே இருந்தேன்.

ஆகையால் மருமகள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டம் பேசினேன். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடத்தைச் சொல்லியிருக்கிறதே தவிர, வீட்டுப் படிப்பு என்று ஒரு பிரிவு உண்டா? இல்லை. அவள் பதிலுக்கு, 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைச் சொன்னாள். அதில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக்குச் சமம். பதினான்கு வயது ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் எழுதலாம். எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்திருக்கிறாள். கடைசி அஸ்திரமாகக் காந்திஜியை எடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல், அலுவலகத்துக்கு நடந்து போகும்போது கூட அழைத்துப்போய்ப் பேச்சிலேயே பாடம் சொன்னார். ஆனால் போதிய நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதையும், பிள்ளைகளுக்கு அதில் மனக்குறை இருந்ததையும் அவரே சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாரே என்றேன்.

"காந்திக்கு நேரம் இல்லை, மாமா. உங்களுக்கு இருக்கே!" என்றாள்.

நாவலாசிரியனின் உத்தியோகத்தைப் பற்றி வீட்டில் உள்ள அபிப்பிராயம் இதுதான்.

சரி, செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், வருஷத் திட்டத்தை நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவின் நோட்டுக்கு வந்த கதி இந்த நோட்டுக்கு வரக் கூடாது என்பதுதான் உள்ளூர என் வைராக்கியம். மருமகள் யாரோ சிநேகிதியிடமிருந்து ஒரு மாதிரி வாங்கி வந்து காட்டினாள். 'பிளானர்' என்று பெயர். நான் 'திட்ட ஏடு' என்று நாமகரணம் செய்தேன். இன்று வரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த மாதிரிக்குத் தையலும் இல்லை, பசையும் இல்லை. முதுகில் வரிசையாகப் பொத்தான் போல வட்டுகள். தாளின் ஓரத்தில் காளான் வடிவத்தில் வெட்டு. எந்தத் தாளையும் இழுத்து எடுக்கலாம், வேறு இடத்தில் அழுத்திப் பொருத்தலாம். 1948-இல் பெல்ஜியத்தில் இரண்டு ஆண்ட்ரேக்கள் சேர்ந்து கண்டுபிடித்த ஏற்பாடாம் இது. எனக்கு அவ்வளவு ஆச்சரியம் ஏற்படவில்லை. நம் ஓலைச்சுவடியும் அதுதானே? ஒரு துளையில் கயிறு, மற்றொன்றில் நாராசம். கயிற்றை அவிழ்த்தால் ஓர் ஏட்டை எடுக்கலாம், புது ஏட்டைச் சேர்க்கலாம். தைத்துக் கட்டிய புத்தகம் வந்த பிறகுதான் பக்கங்கள் அசையாமல் உட்கார ஆரம்பித்தன.

வட்டின் விலையைக் கேட்டதும் கயிறே போதும் என்று முடிவு செய்தோம். கயிறு என்றால், அலுவலகங்களில் கோப்பு கட்டுவார்களே, அந்தப் பச்சை டேக். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நடக்கும் வாசனைக்காகவே நான் ஒன்றுமில்லாத காரியத்துக்கும் போகிறவன். எழுபது ஜி.எஸ்.எம். தாளில் பேனா மசி மறுபக்கம் எட்டிப் பார்க்கும் என்று நூறு ஜி.எஸ்.எம். வாங்கினேன். வேண்டியது நூறு தாள். வாங்கியது ஒரு ரீம், ஐந்நூறு தாள். பேராசை என்று முதலிலேயே சொன்னேன்.

ஏ4 தாளைக் குறுக்கே சரிபாதியாக வெட்டினால் ஏ5 வருகிறது. துளை போடுகிற பஞ்ச் எந்தக் கடையில் வாங்கினாலும் இரண்டு துளைக்கும் நடுவே எண்பது மில்லிமீட்டர்தான். சர்வதேசத் தர அளவு. அடுத்த வருஷம் வேறு பஞ்ச் வாங்கினாலும் பழைய தாளோடு பொருந்தும். தாளை நடுவில் லேசாக மடித்து அடையாளம் செய்துகொண்டு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தாள் மேலே நிற்கும், ஒரு தாள் கீழே தொங்கும். முதல் நாற்பது தாள் அப்படித்தான் தொங்கின. பாடத்துக்குப் பாடம் தடுப்பு வைக்கக் கெட்டி அட்டை வேண்டுமே? வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வெட்டினோம். கணக்குக்கு முன்னால் மஞ்சள் பிள்ளையார், அறிவியலுக்கு முன்னால் ஒரு ஜோடி மயில். பேத்தி உட்கார்ந்து ஓரங்களைக் கத்தரித்தாள். அந்த மூன்று நாளும் அவள் திக்கவே இல்லை என்று ஞாபகம். ஆனால் எனக்கு அப்போது அளவுதான் முக்கியமாக இருந்தது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு இருநூறு நாள், எண்ணூறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது பள்ளிக்கூடங்களுக்குச் சொன்னது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நாளுக்கு நான்கு மணி, எட்டு அரை மணிக் கட்டங்கள், இருநூறு தாள். ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு, கட்டம் கட்டமாகப் பாடத்தை என் கையாலேயே நிரப்பினேன். பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் குழந்தை தசம பின்னம் படிப்பாள் என்று மே மாதத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. "ராகு காலத்துக்கும் ஒரு கட்டம் போட்டுடலாமாப்பா?" என்று மகன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. தொடர்கதையின் இருபது அத்தியாயத்தையும் முன்கூட்டியே தீர்மானித்தவனின் கர்வத்தில் இருந்தேன். அப்படித் தீர்மானித்த தொடர்கதை ஒன்றாவது தீர்மானித்தபடி முடிந்ததுண்டா என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஜூன் மாதம் முதல் வாரம் அமோகமாக நடந்தது. இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டு மாமரத்தில் இருந்த காக்கைக் கூடு குறுக்கே வந்தது. கூட்டிலிருந்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. குயில் குஞ்சு! குயிலின் முட்டை காக்கையின் முட்டைக்கு முந்திப் பொரிந்துவிடும். முதலில் வாயைத் திறக்கிறவனுக்கு முதல் கவளம். இதெல்லாம் கதையில் படித்தவர்கள் நாம். பேத்தி பால்கனியில் உட்கார்ந்து நேரிலேயே பார்த்தாள். காக்கை எத்தனை தடவை வந்தது, என்ன கொண்டு வந்தது, யாருக்குக் கொடுத்தது என்று நான்கு நாள் எழுதினாள். அவள் அம்மாவும் கூட உட்கார்ந்தாள். என் தாளில் அந்த நான்கு நாளும் அறிவியல் கட்டத்தில் 'காந்தம்' என்று இருந்தது. நான் சிவப்பு மசியில் 'காந்தம் - நிலுவை' என்று எழுதி அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன்.

நிலுவை சேரச் சேர வட்டி போல வளர்ந்தது. காய்ச்சல் ஐந்து நாள். அத்தை வீட்டுக் கல்யாணம் மூன்று நாள். பின்னத்தில் ஒரு கணக்கு புரியாமல் ஒரு வாரம். ஆடி பிறந்தபோது முழுதாக நிறைவேறிய தாள்கள் பதினொன்றே பதினொன்று. மற்றவை சிவப்பாக இருந்தன. சிவப்பைக் காணும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணத்து அடுப்பங்கரை அலமாரி ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை. சீருடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சிரிக்கிற பிள்ளைகள் இல்லை. நான் திட்ட ஏட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். பேத்தி அதைப் பார்த்தாள். எழுந்து குளியலறைக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

மருமகள் ஓடிப்போய் முதுகைத் தடவிக் கொடுத்தாள். குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து டேக்கை உருவினாள். சிவப்பு விழுந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு இனி வரப்போகிற தாள்களையும் எடுத்தாள்.

"அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லையே, அதை ஏன் எடுக்கிறாய்?" என்றேன்.

"எழுதியிருக்கே, மாமா. பிப்ரவரி வரைக்கும் எழுதியிருக்கே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கழட்டறதுக்குத்தானே துளை போட்டோம்?" என்றாள்.

அன்று ராத்திரி அக்காவின் நோட்டைப் பற்றி அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அத்தைக்குக் கூட உட்கார ஆள் இல்லை, மாமா. இவளுக்கு நாம மூணு பேர் இருக்கோம்" என்றாள்.

மறுபடி தயாரித்த ஏடு மெலிந்தது. நல்ல வேளையாகக் காகிதம் மிச்சம் இருந்தது! வாரத்துக்கு ஒரே தாள். தேதி அச்சில் கிடையாது. வாரம் தொடங்கும்போதுதான் எழுதுவது. இடது பக்கம் உத்தேசம், பென்சிலில், எங்கள் கையெழுத்தில். வலது பக்கம் நடந்தது, மசியில், பேத்தியின் கையெழுத்தில். உத்தேசம் நடக்காவிட்டால் ரப்பர் இருக்கிறது. அதற்குப் பின்னால் படித்த புத்தகங்களுக்கு ஒரு கட்டு, பார்த்தவற்றுக்கு ஒரு கட்டு. காக்கைக் குறிப்புகளுக்கு மயில் அட்டைக்குப் பின்னால் கௌரவமான இடம் கிடைத்தது. பாட நேரம் நாளுக்கு இரண்டு மணி ஆனது. ஒரே குழந்தைக்கு அது தாராளமாகப் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ளப் புரட்டாசி ஆயிற்று. காந்தம் எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் குளிர்பெட்டிக் கதவில் என் மூக்குக் கண்ணாடியின் பெட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே காந்தம் இருந்தது.

சிவப்பு மசிப் பேனாவை மகன் எடுத்துப் போய்விட்டான். திருப்பிக் கேட்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில், கணக்குப் பகுதியைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு தாள். தலைப்பில் 'பால் கணக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஜனவரி மாதம் முப்பத்தொரு கட்டம், கட்டத்துக்கு இரண்டு பாக்கெட். பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போன மூன்று நாளுக்கு நேரே பூஜ்யம். கீழே, அறுபத்திரண்டில் ஆறு போனால் ஐம்பத்தாறு.

அன்று மாலை பால் போடுகிறவர் மாதக் கணக்குக்கு வந்தார். அறுபத்திரண்டு பாக்கெட் என்று சீட்டைக் கொடுத்தார். மருமகள் பணத்தை எடுக்கவில்லை. பேத்தி தன் தாளைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அண்ணா, ப..."

பாக்கெட் என்கிற வார்த்தை. அதில் ஏறிக்கொண்டாள். இறங்க முடியவில்லை. கன்னம் சிவந்தது. அந்த மனிதர் ஒரு கையில் சீட்டோடு காத்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அந்த வாக்கியத்தை அவளுக்காகச் சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது. மருமகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ப... பாக்கெட் ஆறு அதிகமா போட்டிருக்கீங்க. பொங்கலுக்கு நாங்க ஊர்ல இல்லை. இதோ பாருங்க."

அவர் தாளை வாங்கி விரல் வைத்து எண்ணினார். "ஆமாம் பாப்பா, தப்புதான்" என்று சீட்டில் அடித்து எழுதினார்.

ராத்திரி அக்காவுக்கு டெலிபோன் செய்தேன். காது சரியாகக் கேட்பதில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"என்ன கணக்கு?" என்றாள்.

"பால் கணக்கு, அக்கா."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏண்டா, கழித்தல் சரியாப் போட்டாளா?" என்று கேட்டாள்.

"போட்டாள்" என்றேன்.