ஏழில் இரண்டு

திருச்செந்தூர் வீட்டின் அடுப்படிச் சுவரில், சாக்கெட்டைச் சுற்றி உள்ளங்கையளவு பழுப்பேறியிருந்தது. என் கைவேலை அது. அம்மா மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறாள்.

2023 டிசம்பர் மழைக்குப் பின் நடந்தது இது. 18ஆம் தேதி காலைவரையிலான ஒரே நாளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. இங்கிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. கரண்ட் திரும்பிய பிறகும் எங்கள் தெருவுக்கு சிலிண்டர் வரவில்லை. வழி திறந்ததும் ஊர் வந்தவன், 2000 வாட் மின்னடுப்பு ஒன்றை வாங்கி வைத்தேன். ஆள் தேடாமல் சாக்கெட்டையும் நானே மாட்டினேன். எழுதுகிறவனுக்குக் கைவேலையும் வரும் என்று காட்டிக்கொள்ளும் அற்ப ஆசை. நம் கூட்டத்தில் இது எனக்கு மட்டும் உள்ளதல்ல.

சுவருக்குள் இருந்தது அப்பா 1978இல் இழுத்த 7/20 கம்பி. இருபதாம் கேஜில் ஏழு இழைகள். விறைத்த செம்பு, சொன்னபடி வளையாது. புது 16 ஆம்பியர் சாக்கெட்டின் துளையில் ஏழும் நுழையவில்லை. இரண்டை வெட்டினேன். நுழைந்தது. திருகினேன். அடுப்புச் சுருள் சிவந்தது. அன்று மாலை கடற்கரையில் நின்று அந்தச் சிவப்பைக் கவிதையாக்கப் பார்த்தேன் என்பதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பொங்கலுக்குப் போனபோதுதான் பழுப்பைக் கண்டேன். வயரிங் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார்.

“வெட்டுனது நீங்களா?”

“ஆமா.”

“மிச்சம் அஞ்சு இருக்கு. இந்த அடுப்புக்கு அது தாராளம். ஆனா திருகு ரெண்டைத்தான பிடிச்சிருக்கு. மத்த மூணும் சும்மா உக்காந்திருக்கு.”

அந்த இரண்டின் பிடியும் தளர்ந்திருந்தது. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தளர்ந்த இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலும் ஏழெட்டு வாட் சூடு, அதுவும் ஒரு பட்டாணி அளவு இடத்தில். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கிச் சுருங்கித் திருகு இன்னும் நெகிழும், தடை கூடும். ஃப்யூஸ் போகாதா என்று கேட்டேன். எனக்கு உண்மையில் தெரிந்திருக்கவில்லை. போகாது. ஓடும் மின்சாரம் சரியான அளவுதான். ஃப்யூஸின் கணக்கில் தப்பே நடக்கவில்லை. வீடு எரிய ஆரம்பித்த பிறகும் அது அப்படியே இருக்கலாம்.

வெட்டிய முனைகளில் பச்சை படர ஆரம்பித்திருந்தது. உப்புக்காற்று மூன்று வாரத்தில் செய்தது. செம்பில் களிம்பு: ஆணவ மலத்துக்குச் சித்தாந்திகள் காட்டும் உவமை. எனக்காகவே சொல்லிவைத்த மாதிரி இருந்தது. ஆனால் உவமையில் இறங்கினால் வேலையை விட்டுவிடுவேன் என்று தெரியும். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சி கம்பியைப் பளபளப்பு தெரியும்வரை பின்னுக்கு வெட்டினார். ஏழு இழைகளையும் சேர்த்து முறுக்கி ஒரு பீங்கான் கனெக்டரில் கொடுத்தார். மறுபுறம் 4 ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் வயரில் ஒரு சாண் துண்டு. அதில் தலைமுடி போல ஐம்பத்தாறு இழைகள். ஒன்றுகூடச் சிதறாமல் பின் லக்குக்குள் செருகி, குறடால் நசுக்கி, அந்த லக்கைத்தான் சாக்கெட் துளைக்குள் விட்டுத் திருகினார். ஈயம் பற்றவைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா என்று நான் கேட்டதற்கு, “ஈயம் மெத்துனு இருக்கும் தம்பி. திருகு அழுத்த அழுத்த ஒதுங்கிப் போயிரும். மறுபடி லூசுதான்” என்றார். எர்த்தையும் இழுத்துப் பார்த்தார். அதையும் நான் ஒப்புக்குத்தான் மாட்டியிருந்தேன்.

அவர் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். வாடை வரவில்லையா?

“வந்துச்சு. ராத்திரி கூட எந்திரிச்சு வந்து தொட்டுப் பாப்பேன். சுடும்.”

“ஏன் சொல்லல?”

“நீ போட்டதுல்லா.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஒருமுறை முடுக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அதற்குள் நான் சென்னை திரும்பிவிட்டேன். அவரே வந்து பார்த்தாராம். திருகு கால் சுற்று போயிற்று என்று அம்மா போனில் சொன்னாள். சிலிண்டர் எப்போதோ வந்துவிட்டது. ஆனாலும் பால் மட்டும் மின்னடுப்பில்தான் காய்ச்சுகிறாளாம்.