ஹுன்னஸ்கிரியவில் ஒரு சாடித் தட்டு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில் பயணம் செய்வோர் பெரும்பாலும் ஜன்னலோர ஆசனத்தையே தேடுவார்கள். திகனையைத் தாண்டியதும் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். 1985இல் திறக்கப்பட்ட அந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. இன்று நாம் பஸ்ஸிலிருந்து காண்பது மேட்டில் புதிதாக அமைக்கப்பட்ட தெல்தெனிய. அதற்கு அப்பால் மெதமஹநுவர. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டது இந்தப் பக்கத்தில்தான். பிறகு வீதி வளைந்து வளைந்து மேலேறுகிறது. காற்று குளிர்கிறது. ஹுன்னஸ்கிரிய வந்துவிடுகிறது.

இங்குள்ள சந்தியில் இறங்கி இடப்பக்கம் பிரியும் பாதையில் போனால் லூல்வத்தை, கோர்பட்ஸ் கெப், மீமுரே என்று நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் போகலாம். 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் 2024 ஓகஸ்ட் மாதத்தில் அங்கு போனது ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கும் பலகைத் தட்டொன்றைப் பார்ப்பதற்கு. பழைய கண்ணாடிச் சாடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அக்கா அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே போனால், காம்பிராவின் ஒரு சுவர் முழுவதும் தட்டு. பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளால் செய்தது. அதில் 43 சாடிகள் வரிசையாக நிற்கின்றன. கூரைத் தகரத்தின் இடுக்கால் வரும் வெளிச்சம் பட்டு, சில பச்சையாகவும் சில இளநீலமாகவும் தெரிந்தன.

“எங்கம்மா தொரை பங்களாவுல ஆயாவா இருந்தாங்க தங்கச்சி. தொரைசானி பழத்த சீனிப் பாகுல போட்டு இந்தப் போத்தல்ல அடைச்சு வைப்பாங்களாம். எழுவத்தஞ்சுல தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்போ, அவங்க பொட்டி கட்டிப் போயிட்டாங்க. போத்தல் எல்லாம் மாட்டுப் பட்டியில கெடந்துச்சு. அம்மா கொழுந்துக் கூடையில போட்டுக் கொண்டாந்துட்டாங்க” என்றார் அவர்.

வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகின. வெளியேறியவர்கள் வேண்டாமென்று விட்டுச் சென்றது, கூடை சுமந்தவருக்குச் சொத்தாகியிருக்கிறது.

இரண்டு சாடிகளின் உடலில் “கில்னர்” என்ற பெயர் எழும்பி நிற்கிறது. கில்னர் குடும்பம் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் கண்ணாடித் தொழில் செய்தது. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்த சாடிக்கு மேசன் என்று பெயர். ஜோன் மேசன் என்பவர் 1858 நவம்பர் 30இல் திருகு மூடிச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தேதியைப் பல கம்பனிகள் பல வருடங்களாகத் தங்கள் சாடிகளில் பொறித்துவந்தன. ஆகவே சாடியில் 1858 என்று கண்டதும் அது அந்த வருடத்தில் செய்தது என்று எண்ணி அதிக விலை கொடுத்துவிடக் கூடாது. இதற்கெல்லாம் மூத்தவர் பிரான்ஸ் நாட்டின் நிக்கலா அப்பேர். உணவைப் போத்தலில் அடைத்து, இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்று காட்டியதற்காக 1810இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. கிருமி என்ற ஒன்று உணவைக் கெடுக்கிறது என்று லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். சமையலறையில் காரியம் முந்தியது, காரணம் பிந்தியது.

நம் பக்கத்திலும் இந்த வித்தை புதிதல்ல. பர்மாவின் மர்தபான் துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்பட்ட பெரிய மெருகுச் சாடிகளில் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிட்டு அடைத்துக் கப்பலில் கொண்டுபோன செய்தியை, 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். சிங்களச் சகோதரிகள் மீனை உப்பும் கொறுக்காய்ப்புளியும் சேர்த்துப் பதப்படுத்துவதை “ஜாடி” என்கிறார்கள். பாத்திரத்தின் பெயர் பண்டத்துக்கே வந்துவிட்டது.

அக்காவின் தட்டில் இப்போது ஜாம் இல்லை. முதல் வரிசையில் கொத்தமல்லி, செத்தல் மிளகாய், தேயிலைத் தூள், ஏலக்காய். இரண்டாவது வரிசையில் தேசிக்காய் ஊறுகாயும் நெல்லிக்காயும். மூன்றாவதில் அடுத்த போகத்துக்கான போஞ்சி விதை. விதையோடு கொஞ்சம் சாம்பல் கலந்து மூடியிருக்கிறார். ஒன்றில் மகனின் ஆணிகள், ஒன்றில் சட்டைப் பொத்தான்கள். வாய் உடைந்த சாடியொன்றில் கொடி வளர்கிறது. எதையும் அவர் வீணாக்கவில்லை.

மேல் தட்டில் அகன்ற வாயுள்ள பெரிய சாடி ஒன்று தனியாக இருந்தது. உள்ளே சுருட்டிய காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு, தந்தையின் பிரஜாவுரிமைப் பத்திரம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர்களாகி, விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பலர் காத்திருந்த கதை நமக்குத் தெரியும். ஒழுகும் லயத்தில் ஒரு துண்டுக் காகிதம் நனைந்து போனால், அந்தக் குடும்பம் எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டியிருக்கும்? “பொட்டியில வச்சா கரையான், தலகாணிக்கடியில வச்சா ஈரம். இதுல வச்சாத்தான் எனக்கு நித்திரை வரும்” என்றார் அக்கா. சாடியின் வேலை காப்பது. அதை அவர் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் காட்டிய பிறகு, தட்டின் ஓரத்திலிருந்து குள்ளமான, கனத்த போத்தல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அழகில்லை, பழமையும் அவ்வளவு இல்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் மதிப்பு மிகுந்தது அதுதான் என்று சொல்வேன்.

மின்சாரம் வராத காலத்தில் லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. மருந்துப் போத்தல், பழைய பல்ப், தகர டப்பா என்று கையில் கிடைத்ததில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி நுழைத்துவிடுவார்கள். நெட்டையான போத்தல் ஒரு கை பட்டாலே சாயும். மூடி கழன்று எண்ணெய் கொட்டும். படிக்கும் பிள்ளையின் சட்டையிலும், சமைக்கும் தாயின் சேலையிலும் தீ பற்றும். இலங்கை முழுவதும் இப்படி எரிந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்தபடி இருந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதோடு நின்றுவிடாமல் விளக்கையே மாற்ற முனைந்தார். நம் வீடுகளில் இருக்கும் மார்மைட் போத்தல் அவருக்கு வழிகாட்டியது. குள்ளம், கனம், எளிதில் கவிழாது. அதைப் பின்பற்றி 1992இல் “சுதீப” என்ற பாதுகாப்பான போத்தல் விளக்கை உருவாக்கினார். கண்ணாடி தடிப்பு, ஆகவே விழுந்தாலும் எளிதில் உடையாது. இரு பக்கம் தட்டை, ஆகவே சாய்ந்தாலும் உருளாது. உலோக மூடி திருகி இறுகும், ஆகவே எண்ணெய் கொட்டாது. இவ்வளவுதான் வித்தை. இதற்காக அவருக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கு இலட்சக்கணக்கில் வீடுகளுக்குச் சென்றது.

“பக்கத்துக் காம்பிராப் புள்ளைக்கு நெருப்புப் பட்டுச்சு. அதுக்கப்பறம் நெட்டப் போத்தல்ல லாம்பு வைக்க நான் யாரையும் விட்டதில்ல” என்றார் அக்கா, வேறெதுவும் சொல்லாமல்.

பழைய கதைதானே என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டபோது, மூலையில் கிடந்த குப்பி விளக்குகள் மறுபடி வெளியே வந்தன. அவ்வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. தட்டுப்பாட்டில் கிடைத்த எண்ணெயைக் கிடைத்த போத்தலில் நிரப்பி வைத்த வீடுகள் எத்தனையோ. சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயோ பூச்சி மருந்தோ இருந்தால், தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? இருட்டு திரும்பி வரும் நாளில் நம் கையிலுள்ள போத்தல் எது என்பது உயிரைப் பற்றிய கேள்வி.

இன்னொன்றும் அறிந்தேன். நகரத்திலிருந்து ஒருவர் வந்து, “பழைய போத்தல்தானே” என்று சொல்லி, கில்னர் சாடி ஒவ்வொன்றுக்கும் 100 ரூபா தருவதாகக் கேட்டாராம். போத்தல் பேப்பர்காரருக்குக் கொடுப்பது வேறு, பழம்பொருள் கடைக்குக் கொடுப்பது வேறு. அக்கா விற்கவில்லை. விற்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். விற்கும் முன் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பெயர் எழும்பியிருப்பதையும், வாய் முழுதாக இருப்பதையும், மூடியோடு இருப்பதையும் தனியே எடுத்து வையுங்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் சாடிகள் இருக்கும். மீண்டும் பயன்படுத்தும்போது சில விடயங்களைக் கவனியுங்கள்.

வாயோரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சில்லு போயிருந்தால் அதில் உணவு வேண்டாம், விதையோ பொத்தானோ போடுங்கள். ஊறுகாய் போடும் சாடியைக் கழுவி, பானையின் அடியில் துணி விரித்து, அதன் மேல் சாடியை வைத்து, வெதுவெதுப்பான நீர் ஊற்றி மெல்லச் சூடாக்குங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் பட்டால் வெடிக்கும். கொதி வந்த பின் 10 நிமிடம் போதும். மலைப் பகுதியில் நீர் சற்றுக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் 15 நிமிடம் வையுங்கள். பிறகு ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

பழைய நாகத் தகட்டு மூடி புளிப்புப் பட்டால் அரிக்கும். உலர்ந்த பண்டத்துக்கு மட்டும் அதை வையுங்கள். மெருகு வெடித்த பழைய பீங்கான் சாடியில் ஈயம் இருக்கலாம், அதில் ஊறுகாய் வேண்டாம். மீன், இறைச்சி, புளிப்பில்லாத மரக்கறி ஆகியவற்றை வேகவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமியை வாசனையாலும் நிறத்தாலும் கண்டறிய முடியாது.

வெளியே வைக்கும் சாடிகளைக் கவிழ்த்து வையுங்கள். கொடி வளரும் சாடியின் நீரை வாரம் ஒரு தடவை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு கைப்பிடி நீர் போதும், டெங்கு நுளம்பு முட்டையிட்டுவிடும். மண்ணெண்ணெயையும் மருந்தையும் உணவுப் போத்தலில் ஊற்றாதீர்கள். தவிர்க்க முடியாமல் விளக்கு வைக்க வேண்டி வந்தால், குள்ளமாகவும் கனமாகவும் திருகு மூடியோடும் இருப்பதையே தேர்ந்தெடுத்து, பிள்ளைகளின் கைக்கும் திரைச் சீலைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

முக்கியமான காகிதங்களுக்கென்று ஒரு சாடியை ஒதுக்குங்கள். நன்றாக உலர்ந்த சாடியில், பிரதி எடுத்த பின் மூலப் பத்திரத்தைச் சுருட்டி வைத்து மூடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை, இன்றைக்கே செய்யலாம்.