யாருடைய பெயரில் வாங்குகிறோம்?

பாட்டு எமது பெண்களுக்குப் புதியதொன்றல்ல. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் எமது தாய்மாரின் வாயிலேயே வாழ்ந்து வந்தவை. ஆனால் வாத்தியம் என்று வரும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. கூத்துக் களரியில் மத்தளம் ஆணின் மடியில் இருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இயந்திரத்தின் முன் ஆணே இருப்பார். பெண் பாடிவிட்டு வீடு திரும்புவாள். பதிவு செய்து, பெயர் போட்டு, பணம் பெறுபவர் பெரும்பாலும் வேறொருவராகவே இருப்பார்.

இப்போது இந்நிலையை மாற்றுவதற்கு ஒரு சிறு வழி திறந்திருக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்றும் சில மென்பொருட்களும் இருந்தால் வீட்டு மூலையிலேயே ஒரு பாடலுக்கு இசையமைத்துவிடலாம். கோவில் திருவிழாப் பாடல், பாடசாலை நடனத்துக்கான இசை, விழிப்புணர்வு நாடகத்துக்கான பின்னணி என்று ஊருக்குள்ளேயே அதற்குத் தேவையும் இருக்கிறது. ஆனால் இந்த வழியின் வாசலிலேயே கடன் என்ற குழியும் வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் சமூகவியல் படித்தவள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களோடு வேலை செய்கிறேன். 2023ஆம் ஆண்டின் இறுதியில் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். யுத்தத்தில் கணவரை இழந்து, கோழி வளர்த்தும் நெல் அவித்து விற்றும் மகளைப் படிப்பித்தவர். மகளுக்கு இருபத்திரண்டு வயது. பாடசாலையில் கீபோட் பழகியவள். உறவினர் ஒருவர் கொடுத்த மடிக்கணினியில் இசையமைக்க வேண்டும் என்பது அவளது ஆசை. அதற்கு வாங்க வேண்டியவை என்று நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த துண்டு தாயின் கையில் இருந்தது.

"தங்கச்சி, இந்தச் சாமான வாங்கிக் குடுத்தா புள்ளைக்கு உழைப்பு வருமா? லோன் தாறம் எண்டு சொல்றாங்க" என்று கேட்டார்.

அந்தத் துண்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சீரம், 189 டொலர். மற்றது ஒம்னிஸ்பியர், 499 டொலர். மொத்தம் 688 டொலர். அன்றைய நிலவரப்படி டொலருக்கு 320 ரூபா என்று வைத்தால் ஏறத்தாழ 220,000 ரூபா. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தபோது, இதே சாமான் 137,600 ரூபாவாக இருந்திருக்கும். எமது வருமானம் டொலரோடு சேர்ந்து ஏறுவதில்லை. இத்தகைய பொருட்களின் விலை ஏறிவிடுகிறது.

நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. ஆகவே அந்தத் தாயிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அதற்கிடையில் அந்தச் சாமான் என்னவென்று நாம் மூவரும் சேர்ந்து விளங்கிக்கொள்வோம் என்றேன்.

சின்தசைசர் என்பது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி. 1983இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்ற கருவி உலகெங்கும் பாடல்களில் ஒலித்தது. அதன் விலை அன்று ஏறத்தாழ 2,000 டொலர். பின்னர் 1996இல் ஸ்டைன்பேர்க் என்ற ஜேர்மன் நிறுவனம், இசையமைக்கும் மென்பொருளுக்குள் வேறு சிறு மென்பொருட்களைச் செருகிப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அவ்வாறு செருகப்படுவதே பிளகின். கருவியின் வேலையைக் கணினிக்குள் ஒரு பிளகின் செய்துவிடுகிறது. அன்று 2,000 டொலருக்கு விற்ற டி.எக்ஸ்.7இன் ஒலியை இன்று டெக்ஸெட் என்ற பிளகின் இலவசமாகவே தருகிறது.

இலவசமாகக் கிடைப்பது டெக்ஸெட் மாத்திரமல்ல. 2020இல் வெளிவந்த வைற்றல் என்ற பிளகின், சீரம் செய்யும் வேலையைப் போன்றதையே செய்கிறது. அதன் இலவசப் பதிப்பிலும் விலைப் பதிப்பிலும் ஒலியை உருவாக்கும் பகுதி ஒன்றுதான். இலவசப் பதிப்பில் தயார்நிலை ஒலிகள் குறைவு. சேர்ஜ் என்பது முன்னர் விலைக்கு விற்கப்பட்டது. 2018இல் அதை உருவாக்கியவர் மூலநிரலைப் பொதுவில் விட்டுவிட்டார். இன்று பலர் கூடி அதைப் பராமரிக்கிறார்கள். ஊர்ப் பொதுக் கிணறு போல, வெட்டியவர் போனாலும் தண்ணீர் போகாது.

இவற்றையெல்லாம் வாயால் சொன்னால் தாய் நம்பமாட்டார். மகளும் நம்பவில்லை. "சும்மா கிடைக்கிறது நல்லா இருக்குமா அக்கா?" என்றாள். ஆகவே ஒரு பின்னேரம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து ஒரு பரிசோதனை செய்தோம். விலை மென்பொருளின் பரீட்சார்த்தப் பதிப்பையும் இலவச மென்பொருளையும் மகள் இறக்கி வைத்திருந்தாள். ஒரே மெட்டை, ஒரே சத்த அளவில், இரண்டிலும் மாறி மாறி வாசிக்க வேண்டும். எது எதுவென்று தாய்க்குச் சொல்லக்கூடாது. சத்தம் கூடியது நல்லது போலக் கேட்கும் என்பதால் அளவைச் சமமாக வைப்பது முக்கியம்.

தாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று தடவை வாசித்தும் அவரால் வேறுபடுத்த முடியவில்லை. வாசித்த மகளே இரண்டாம் தடவை சற்றுத் தடுமாறினாள். ஆனால் தாய் வேறொன்றைச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்டுபோலத்தான் கிடக்கு. ஆனா அந்த மேளம் மேளமா இல்ல புள்ள. தகரத்தில தட்டுற மாதிரிக் கிடக்கு."

அது உண்மை. இந்திய வாத்தியங்களைத் தரும் பிளகின்களும் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் தபேலாவும் மிருதங்கமும் கிடைக்கும். ஆனால் எமது கூத்து மத்தளமும் பறைமேளமும் சல்லாரியும் வேறு. நாம் தேடும் ஒலி அந்தத் துண்டில் இருந்த 220,000 ரூபாவுக்குள் இருக்கவில்லை. பக்கத்து ஊர் அண்ணாவியாரின் வீட்டில் இருந்தது. மகள் அவரிடம் போய், அனுமதி கேட்டு, மத்தளத்தின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிவு செய்து வந்தாள். அந்த அடிகளை மென்பொருளில் ஏற்றி, கீபோட்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஒவ்வொரு அடியை வைத்தாள். பாடலில் அவர் பெயர் இருக்கும் என்றும், பணம் வந்தால் பங்கு உண்டு என்றும் சொல்லிவிட்டே வந்தாள்.

ஒப்பிடும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, எமது பாட்டின் நெளிவு அதில் வருமா என்பது. கீபோட்டின் கட்டைகளுக்கு இடையில் உள்ள சுரங்களையும் எமது பாட்டு தொடுகிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன யாழை மீட்டெடுக்கச் சுரங்களைக் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அத்தகைய கணக்கை இன்று ஒரு சிறு எழுத்துக் கோப்பாகத் தட்டச்சு செய்து சேர்ஜில் ஏற்றினால், கட்டைகள் அந்தச் சுரங்களில் ஒலிக்கும். இலவசமாகக் கிடைப்பதிலேயே இந்த வசதி இருக்கிறது.

அந்த வீட்டில் மற்றொரு யோசனையும் இருந்தது. கட்டாரில் வேலை செய்யும் மாமாவின் வங்கி அட்டையில் வாங்கலாம், கணக்கையும் அவருடைய மின்னஞ்சலிலேயே திறக்கலாம், பணத்தைப் பிறகு கொடுக்கலாம் என்றார்கள். தாயிடம் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தக்கூடிய அட்டை இல்லை. எமது பெண்களில் பெரும்பாலானோருக்கு இல்லை. மாமா நல்ல மனிதர், உதவத்தான் நினைத்தார். ஆனால் மென்பொருளின் உரிமம் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறதோ அவரே அதன் உடைமையாளர். கணினி பழுதானால், மீண்டும் நிறுவ வேண்டி வந்தால், கடவுச்சொல் அவரிடம் இருந்தே வரவேண்டும். நான் அறிந்த வேறொரு வீட்டில், சீதனக் காணி தொடர்பாகத் தமையனோடு மனக்கசப்பு வந்தபோது அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். அந்தத் தங்கை பாதியில் வைத்திருந்த பாடல்களின் ஒலிகளை மறுபடி அவளால் எடுக்க முடியவில்லை.

எமது பகுதியில் வீடும் வளவும் தாய்வழியாகப் பெண்ணுக்கு வருவது வழமை. அப்படிப்பட்ட மண்ணிலேயே, 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட பல வீடுகள், குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. உறுதியில் யாருடைய பெயர் என்று கேட்கப் பழகிய நாம், மென்பொருள் வாங்கும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

உறவினர் ஒருவர் தாயிடம் இன்னொரு நியாயமும் சொல்லியிருந்தார். "ஏ.ஆர். ரகுமானின் தாய் நகையைக் கொடுத்துத்தானே மகனுக்குச் சாமான் வாங்கினார்" என்பது அந்த நியாயம். அது உண்மைதான். 1976இல் கணவர் ஆர்.கே. சேகர் இறந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. கணவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர் கரீமா பேகம். மகன் 1989இல் வீட்டு வளவில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தபோது தன் நகைகளைக் கொடுத்து உதவியவரும் அவரே. 2020இல் அவர் காலமானார். எம்மைப் போன்ற ஒரு விதவைத் தாயின் துணிவு அது, வணங்க வேண்டியது. ஆனால் அன்று ஒலிப்பதிவுக் கருவிக்கு இலவச மாற்று எதுவும் இருக்கவில்லை. மேலும் கருவி ஒரு பொருள். வாடகைக்கு விடலாம், தேவை வந்தால் விற்கலாம். மென்பொருளின் உரிமத்தைப் பல நிறுவனங்கள் மறுபடி விற்க அனுமதிப்பதில்லை. அதை அடகு கடைக்கும் கொண்டுபோக முடியாது.

பெண்கள் யாராவது இப்படி இசை செய்திருக்கிறார்களா என்று மகள் ஒருநாள் கேட்டாள். டீலியா டேர்பிஷயர் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1937இல் பிறந்தவர். 1940இல் ஜேர்மன் விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசி அழித்தபோது அவர் மூன்று வயதுக் குழந்தை. விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கின் ஒலியிலிருந்தே விநோத ஒலிகளின் மீது தனக்கு ஈர்ப்பு வந்ததாகப் பின்னாளில் கூறினார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு 1959இல் டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். பிபிசியில் சேர்ந்து, சின்தசைசர் கைக்கு வராத 1963இல், ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டியே 'டொக்டர் ஹூ' தொடரின் தொடக்க இசையை உருவாக்கினார். திரையில் அவர் பெயர் வந்தது 2013இல். அவர் 2001இலேயே இறந்துவிட்டார். மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "சாமான் இல்லாமலே செய்தாவா? பெயர் மட்டும்தான் வரல்லையா?" என்றாள்.

இறுதியில் அவர்கள் கடன் எடுக்கவில்லை. கோழி விற்ற காசில் ஒரு ஹெட்போன் வாங்கினார்கள். வைற்றல், சேர்ஜ், டெக்ஸெட் மூன்றையும் இறக்கினார்கள். இவற்றை இணைத்துப் பாடல் அமைப்பதற்கு ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாட்கள் இலவசமாகப் பார்க்கலாம். பிறகு 60 டொலர், அதாவது அன்றைய கணக்கில் 19,200 ரூபா. முதல் இரண்டு பாடல்களின் வருமானத்தில் அதை வாங்கினாள். பெரிய உழைப்பு என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலை வருகிறது, சில மாதங்களில் ஒன்றுமில்லை. ஆனால் கடன்காரர் யாரும் படலையில் வந்து நிற்பதில்லை.

உங்கள் பிள்ளையோ நீங்களோ இந்த வழியில் இறங்க நினைத்தால், வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

இலவசமாகக் கிடைப்பதை ஒரு மாதமாவது பழகிப் பார்த்தோமா? அதில் செய்ய முடியாதது எது என்று பிள்ளையால் விரல்விட்டுச் சொல்ல முடிகிறதா?

எமது கணினி அதைத் தாங்குமா? ஒம்னிஸ்பியர் 2ஐ நிறுவ மாத்திரம் 64 ஜிகாபைட் இடம் தேவை. அதை இறக்க டேட்டாச் செலவும் உண்டு.

ஒருமுறை விலையா, மாதக் கட்டணமா? மாதக் கட்டணம் குத்தகைக் காணி போன்றது; கட்டுவதை நிறுத்தினால் விளைச்சலும் நின்றுவிடும். தவணையில் கட்டி முடித்தால் சொந்தமாகும் முறையும் உண்டு. சீரம் 2016இலிருந்து மாதம் 9.99 டொலர் வீதம் அவ்வாறு கிடைத்தது. 19 மாதங்களில் கட்டி முடிக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்டறியுங்கள்.

கடையில் ஐந்நூறு ரூபாவுக்குப் போட்டுத் தரும் திருட்டுப் பிரதியா? அதோடு வைரஸும் சேர்ந்து வரலாம். பழுதானால் மறுபடியும் அந்தக் கடைக்காரரின் தயவில்தான் நிற்க வேண்டும்.

கணக்கு யாருடைய பெயரில்? பிள்ளையின் சொந்த மின்னஞ்சலிலும் சொந்தத் தொலைபேசி இலக்கத்திலும் திறக்கச் செய்யுங்கள். கடவுச்சொல்லை அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். யாராவது பணம் கொடுத்து உதவினால் நன்றி சொல்லுங்கள்; கணக்கை மட்டும் உங்களிடமே வைத்திருங்கள்.

யுத்தம் எம்மிடமிருந்து எத்தனையோ பெயர்களைப் பறித்தது. பட்டியல்களிலும் உறுதிகளிலும் எமது பெயரைச் சேர்க்க வருடக்கணக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினோம். பிள்ளைகள் புதிதாக ஒன்றைத் தொடங்கும் இடத்திலாவது, முதல் நாளிலேயே அவர்களுடைய பெயரை எழுதிவிடுவோம்.