வாயில்லா உயிரும் வணிக உணவும்



நாயை நன்றியுள்ள பிராணி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்நன்றிக்கு நாம் செலுத்தும் கைம்மாறு, வேளை தவறாது இடும் உணவு. அவ்வுணவைக் கடையில் வாங்கும் வழக்கம் பெருகிவிட்ட இக்காலத்தில், அதனை ஆக்குவோர் யார், ஆராய்ந்து பார்ப்போர் யார் என்று கேட்டறிவது நம் கடமையன்றோ? நாய்க்கு இடும் தீனிதானே என்று இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் தங்கவயற் சுரங்கங்களை நாடி வந்த காலத்தில், லைன் வீடுகளின் வாசலில் நாயும் உடன் வாழ்ந்தது. வீட்டாருக்குக் கிண்டிய கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டை அதற்கும் உண்டு. வீட்டார் உண்டது எதுவோ அதுவே நாய்க்கும் உணவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், பொழுது புலருமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை நம்மவரிற் பலருக்கு வாய்த்தது. களி கிண்டப் பொழுது ஏது? பையைப் பிரித்துத் தட்டில் கொட்டுவது எளிதாயிற்று. எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது.

முழுப் பையின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. ஆதலால் கடைக்காரர் பெரிய மூட்டையொன்றைப் பிரித்து வைத்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுக்கின்றார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு நாய் மணி மூன்று நாள் உண்ணாமல் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தது. அதே மூட்டையிலிருந்து வாங்கி உண்ட அண்டை வீட்டு நாயும் அவ்வாறே படுத்தது. மருத்துவர் எங்களைக் கேட்ட முதற் கேள்வி, "என்ன உணவு இட்டீர்கள்? எந்நாளில் செய்யப்பட்டது?" என்பதே. எங்கள் கையில் இருந்ததோ பெயரும் தேதியும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் பை. கடைக்குச் சென்று வினவினோம். அம்மூட்டை தீர்ந்துவிட்டது என்றும், சாக்கும் போய்விட்டது என்றும் விடை வந்தது. மணி பிழைத்துக்கொண்டது, அண்டை வீட்டு நாய் பிழைக்கவில்லை. அவ்வீட்டுச் சிறுமி பல நாள் அழுதாள். உணவுதான் காரணம் என்று நாங்கள் அடித்துக் கூற மாட்டோம். அன்று என்று கூறவும் இயலாது. உண்மையை அறிய ஒரு வழியும் இல்லாமற் போயிற்றே என்பதே எங்கள் குறை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பின்னர்க் கேட்டறிந்தோம். குழந்தைக்கு வாங்கும் பிஸ்கட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ மனிதர் உண்பதையே உணவு என்று வரையறுத்து, விலங்குத் தீனியை அவ்வரையறையிலிருந்து நீக்கி வைத்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கென்று 11968 என்னும் எண்ணில் ஒரு தரம் வகுத்திருக்கிறது. ஆனால் அது கட்டாயமன்று, விரும்புவோர் கைக்கொள்ளலாம். விரும்பாதவரை யார் கேட்பது?

தீனியில் நேரும் கேடு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. மக்காச்சோளமும் நிலக்கடலைப் பிண்ணாக்கும் ஈரம்பட்டால் பூஞ்சை பிடிக்கும். சிலவகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சமைக்கும் சூட்டில் அது முற்றும் அழிவதில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான், தீனியிற் கலந்த பிண்ணாக்கை ஆராய்ந்து அந்நஞ்சை அறிஞர் கண்டனர். பிரித்து வைத்த மூட்டை மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சும் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

பூஞ்சை தானே வருவது. மனிதர் வேண்டுமென்றே கலந்த நஞ்சும் உண்டு. 2004-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் செய்யப்பட்ட நாயுணவை உண்டு ஆசிய நாடுகளில் பல நாய்கள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. பூஞ்சை நஞ்சே காரணம் என்று அப்போது கருதினர். 2007-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே துன்பம் நேர்ந்து, கோடிக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்போதுதான் மெலமின் என்னும் இரசாயனம் வெளிப்பட்டது. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்தே புரதத்தின் அளவைக் கணக்கிடுவது வழக்கம். மெலமினில் நைட்ரஜன் மிகுதி. அதைக் கலந்தால் மலிந்த மாவும் புரதம் நிறைந்ததாகச் சோதனையில் தோன்றும். முந்திய 2004-ஆம் ஆண்டின் சாவுகளுக்கும் அதுவே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. மறு ஆண்டு, 2008-இல், அதே மெலமின் சீனத்தில் குழந்தைகளின் பால்மாவில் கலந்திருந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் மாண்டன. நாயின் தட்டில் தோன்றிய கேடு குழந்தையின் பால் புட்டிக்கும் வந்தது. நாய்க்காகக் கேட்கும் கேள்வி நாய்க்காக மட்டுமன்று என்பதை இதனால் உணரலாம்.

கடையுணவு எல்லாம் நஞ்சு என்பது எங்கள் கருத்தன்று. நன்கு செய்த உணவு நாய்க்கு வேண்டிய சத்துகளை அளவாகத் தரும். வீட்டுச் சோறு மட்டும் எல்லா நாய்க்கும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் நன்று. ஆயினும் நம் கையில் உள்ள காவலை நாம் விடலாகாது. பிரித்த மூட்டையிலிருந்து வாங்காமல், சிறிதாயினும் மூடிய பையையே வாங்குவோம். செய்தவர் பெயர், முகவரி, செய்யப்பட்ட மாதம், ஆண்டு ஆகியவை பொதிந்த பொருளின் மேல் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். அவற்றைப் படித்தே பணம் கொடுப்போம். உணவு தீரும்வரை பையை எறியாமல் வைத்திருப்போம். மக்கிய வாடை வீசினால் உடனே நிறுத்துவோம். நாய் நோயுற்றால் மிஞ்சிய உணவையும் பையையும் மருத்துவரிடம் கொண்டு செல்வோம். விலைச்சீட்டும் பையும் இருந்தால் கோலாரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம்.

இவை ஒவ்வொரு வீடும் செய்யத்தக்கவை. வீடுகள் கூடிச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. நாய், பூனை உணவுக்குரிய தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும், அதனைச் சோதிக்க ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பிப்போம். கன்னட அன்பர்களையும் உடன் சேர்த்துக்கொள்வோம். நாய்க்கு மொழி வேற்றுமை ஏது? அடுத்த மாதக் கூட்டத்தில் நம் சங்கம் இதனை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வாசலில் காவலிருக்கும் உயிர் தனக்கென்று விண்ணப்பம் எழுதாது. அதன் பொருட்டு நாமே எழுதுதல் வேண்டும்.