புன்னைக்காயல் கரையில் ஒரு மாலைப் பொழுது

பயணம் என்றாலே திருத்தலப் பயணம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி, ஓரியூர் என ஆண்டுதோறும் பங்கு மக்களோடு பேருந்தேறிச் செபமாலை சொல்லிக்கொண்டே சென்று, நேர்ச்சை செலுத்தித் திரும்புவது வழக்கம். ஆனால் சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் நாம் மேற்கொண்ட பயணம் அவ்வகையைச் சார்ந்ததன்று. புதுமைகளுக்குப் பேர்போன தலம் எதையும் நாடிச் செல்லவில்லை. நம் தாய்மொழியின் எழுத்துகள் ஈய அச்சிலே வார்க்கப்பட்ட காலத்தை நினைவூட்டும் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைக் காணச் சென்றோம்.

அழைத்துச் சென்றவர் நமது பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். இளைஞர் என்று சொல்கிறோமே தவிர, வயது நாற்பதைக் கடந்தவர். கணிப்பொறி மென்பொருள் எழுதும் தொழிலில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தவர். 2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பி, தாயோடு தங்கி வீட்டிலிருந்தபடியே அலுவல் பார்த்து வந்தார். ஒருநாள் மாலை ஆலய முற்றத்தில் நம்மிடம் வந்து, "சுவாமி, எனக்குச் சில நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது. புன்னைக்காயல் போய் வரலாமா?" என்று கேட்டார். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாளிலிருந்து நம் மனத்தில் கிடந்த ஆசை அது. உடனே இசைந்தோம். அவருக்கு ஏன் ஓய்வு கிடைத்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

நள்ளிரவு கடந்து திருச்சியில் முத்துநகர் விரைவு வண்டியில் ஏறினோம். விடியலில் கண் விழித்தபோது, சன்னலுக்கு வெளியே கரிசல் நிலமும் உடைமரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நாம் கட்டளைச் செபத்தை முடித்துப் புத்தகத்தை மூடியதும், அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சுவாமி, நானும் நாள் முழுவதும் வாசிக்கிறவன்தான். பிறர் எழுதிய நிரல்களை வாசிக்கிறேன். எங்கே பிழை என்று கண்டுபிடிக்க வாசிக்கிறேன். என்னைத் திருத்திக்கொள்வதற்காக ஒரு புத்தகத்தை வாசித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன." நாம் புன்னகை செய்தோம். அந்தச் சொல்லின் பின்னே இருந்த வலியை அப்போது நாம் உணரவில்லை.

தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். இருமருங்கிலும் உப்பளங்கள், வெயிலில் கண்கூசும் வெண்குவியல்கள். பழையகாயலைக் கடந்தோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ காயல் என்று எழுதிவைத்த துறைமுகம் இப்பகுதியில்தான் இருந்தது. அரேபியாவிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய அந்தத் துறையை ஆற்று வண்டல் தூர்த்துவிட, கடல் விலகிப் போயிற்று. பின்னர் முக்காணியும் தாமிரபரணிப் பாலமும் வந்தன. அதற்கப்பால் ஆத்தூர். அவ்வூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடிக்கால்களின் பசுமையைக் கண்ட கண்ணுக்கு உப்பளத்தின் எரிச்சல் தணிந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால், பொதிகையில் பிறந்த பொருநை கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல்.

இவ்வூரின் பெயரோடு இணைந்து நிற்பவர் அன்றீக்கு அடிகளார். போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரில் 1520-இல் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய முன்னோர் யூத மரபினர் என்ற காரணத்தால் அங்கிருந்து விலக்கப்பட்டார். செய்த குற்றம் ஏதுமில்லை; பிறந்த குலமே குற்றமாயிற்று! பின்னர் 1545-இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546-இல் கோவாவிற்கும் மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கும் வந்தார். 1600-ஆம் ஆண்டு இறக்கும் வரையில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கடற்கரையே அவருடைய வீடாக இருந்தது. உடல்நலம் குன்றியவர். ஆயினும் மொழிபெயர்ப்பாளரை நம்பி மறையுரைப்பது போதாதென்று கண்டு, இராப்பகலாய்த் தமிழ் கற்றார். போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார்.

அவருடைய முயற்சியால் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சிடப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் முதலாவது அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதென்பது ஆய்வாளர் கருத்து. இந்த அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள், மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்த பரதவர் பெருமக்கள். ஆலயம் கட்டப் பொருள் தரும் ஊர்கள் பல உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்துக்குப் பொருள் தந்த ஊரை எண்ணி நாம் தலைவணங்க வேண்டாமா?

அச்சுக்கூடம் நின்ற இடம் இதுவென்று காட்டும் அடையாளம் எதுவும் நம் கண்ணில் படவில்லை. தெருக்களில் கருவாட்டு மணம். திண்ணையில் பிள்ளைகளின் ஆரவாரம். ஆலயத்தில் சற்றுநேரம் முழந்தாளிட்டுவிட்டு ஆற்று முகத்துவாரத்திற்கு நடந்தோம். கரையில் வள்ளங்கள் வரிசையாய் நின்றன. ஒரு வள்ளத்தின் நிழலில் அமர்ந்தோம்.

அங்கே அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசினார். பதினெட்டு ஆண்டுகளில் பல ஆண்டுகளை, கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத்து பிழையின்றித் தோன்றச் செய்யும் பணியில் கழித்திருக்கிறார். மணலில் விரலால் 'கொ' என்று எழுதிக் காட்டினார். "அன்று அச்சுக் கோத்தவர் இதற்கு மூன்று அச்சுகளை எடுக்க வேண்டும், சுவாமி. முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடு முறையில் கணிப்பொறிக்குள் இருப்பவை இரண்டே எண்கள். முதலில் ககரம், பின்னே ஒகரக் குறி. அந்த ஒரு குறியைப் பிளந்து எழுத்தின் இருபுறமும் வைப்பது மென்பொருளின் வேலை. அது சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் மட்டுமே எங்களைத் தேடுவார்கள்." உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்னும் அம்முறையில், 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டதாம். 247 எழுத்துகளையும் தனித்தனியே வைக்காமல், உயிரும் மெய்யும் குறிகளும் சேர்ந்து எழுத்தாகும்படி அமைத்தார்களாம்.

நாமும் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அன்றீக்கு அடிகளாரின் நூல்களில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. சுவடி எழுதும் முறையையே அச்சும் பின்பற்றிற்று. இடத்தை நோக்கித்தான் மெய்யா உயிர்மெய்யா என்று உணர வேண்டும். இவற்றிற்கு முன்னரே, 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் செபநூல் உரோமை எழுத்துகளில் அச்சிடப்பட்டது. அதற்கு உழைத்தவர்கள் அங்கிருந்த நம்மவர் மூவர். அந்நூலையும் பிற தொன்மையான அச்சு நூல்களையும் தமிழுலகிற்கு எடுத்துரைத்தவர்களில் முதன்மையானவர் தவத்திரு தனிநாயகம் அடிகளார். இதைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்று எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். திரும்பவும் 1554-க்கே போய்விட்டோம், சுவாமி!"

சிரிப்பு அடங்கியது. சற்றுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சுவாமி, எனக்கு வேலை போய் மூன்று மாதமாகிறது" என்றார்.

ஒரு காலைப் பொழுதில் திரை வழியாக அழைத்து, பத்து நிமிடங்களுக்குள் சொல்லி முடித்துவிட்டார்களாம். ஆட்குறைப்பு என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. தாயிடம் சொல்லவில்லை. மகன் அலுவல் பார்க்கிறான் என்று அந்த அம்மாள் கதவருகே காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்புவாராம். இவர் வெற்றுத் திரையின் முன் ஒன்பது மணி நேரம் அமர்ந்திருப்பாராம். "அதிலும் அந்தக் காப்பியைக் குடிப்பதுதான் கடினம்" என்றார்.

அன்பர்களே, அவ்வேளையில் நாம் செய்த தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாத வேளையில் குருக்கள் செய்வதை நாமும் செய்தோம், மறையுரை ஆற்றினோம். ஆண்டவரின் திருவுளம், சிலுவை, பொறுமை என்று அடுக்கினோம். விலக்கப்பட்ட அன்றீக்கு அடிகளாரையும் துணைக்கு அழைத்தோம். அவர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை.

அப்போது அடுத்த வள்ளத்தின் ஓரம் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எங்கள் பேச்சு காதில் விழுந்ததற்காக வருந்துபவர்போல் இருமினார். பிறகு ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "தம்பி, தப்பா நினைக்காதீங்க. நாங்க வெறும் வலையோட வந்தா ஊருக்கே தெரியும். கரையில நிக்கிற சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஒளிக்க எடமே கெடையாது. அதனாலதான் அன்னைக்கு யாராவது ஒரு வீட்டுல இருந்து குழம்பு வரும்."

அவ்வளவே சொன்னார். மீண்டும் வலையில் குனிந்துகொண்டார்.

இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத பேதுருவைப் பற்றி எத்தனை முறை மறையுரை நிகழ்த்தியிருக்கிறோம்! அந்த வெறும் வலை கரையில் எல்லாருடைய கண்முன்னும் கிடந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. கடற்கரைத் தொழிலாளியின் இழப்பு ஊரின் இழப்பாகிறது. மூடிய அறையில் திரையின் முன் அமர்ந்திருப்பவரின் இழப்போ அவரோடு மட்டுமே அடைபட்டுக் கிடக்கிறது. அவருடைய கடலையும் வலையையும் கண்டவர் யார்?

நம்மையே நாம் கேட்டுக்கொண்டோம். மே முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பர் விழாவில், கொத்தனாரின் கரண்டியையும் தச்சரின் உளியையும் மந்திரித்திருக்கிறோம். கணிப்பொறி முன் அமர்பவரையும் தொழிலாளி என்று எண்ணினோமா? இந்த மனிதரின் வீட்டை எத்தனை முறை சந்தித்திருக்கிறோம்! கோபுர நிதிக்கு எவ்வளவு தருவார் என்று கணக்குப் பார்த்தோமேயன்றி, 'தம்பி, வேலை எப்படி இருக்கிறது?' என்று ஒரு முறையாவது கேட்டோமா? 13-ஆம் சிங்கராயர் 1891-இல் ஆலைத் தொழிலாளருக்காகச் சுற்றுமடல் எழுதினார். 2-ஆம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய மடலில், உழைப்பு மனிதனுக்காக உள்ளது, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்று விளக்கினார். 2025-இல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தையும், செயற்கை நுண்ணறிவு உழைப்புக்கு விடுக்கும் அறைகூவலை எண்ணியே சிங்கராயர் என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கர்தினால்மார்களிடம் கூறினார். உரோமையில் கேட்கும் குரல் நமது பங்கு இல்லத்தின் வாசலில் கேட்க வேண்டாமா?

அன்றிரவு திரும்பும் வண்டியில் நாம் மறையுரை ஆற்றவில்லை. அவர் பேசினார், நாம் கேட்டுக்கொண்டு வந்தோம். விடியுமுன் திருச்சியில் இறங்கியதும், "சுவாமி, நீங்கள் கூட வர வேண்டாம். நானே அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

என்ன சொன்னார், அந்த அம்மாள் எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பது நமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் அடுத்து வந்த அன்பியக் கூட்டத்தில், மன்றாட்டுகளின்போது அந்தத் தாய் எழுந்து நின்றார். "என் மகனுக்கு வேலை போய்விட்டது. அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று தெளிவான குரலில் சொன்னார். ஒரு கணம் அமைதி நிலவியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி, தம் கணவருக்கும் ஐந்து மாதமாக வேலை இல்லை என்றார். அடுத்தடுத்த வீடு, இருவருக்கும் அதுவரை ஒருவர் துயரம் மற்றவருக்குத் தெரியாது!

இதை எழுதும் இந்நாள் வரை அவருக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. எல்லாம் நலமாய் முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. நமது பங்கின் செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியை அவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். இலவசமாக அன்று, உரிய கூலி கொடுத்து. மாலை வேளைகளில் நமது நூலகத்தில் அமர்ந்து படிக்கிறார். பிழை தேடுவதற்காக அல்ல என்று அவரே சொல்கிறார்.

அன்பான குடும்பங்களே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஒருவரையொருவர் கேளுங்கள்: 'இன்று உன் வலையில் என்ன?' வெறும் வலையென்றால் அதையும் சொல்லுங்கள். பெற்றோரே, கூச்சப்படாதீர்கள். பிள்ளைகளே, அஞ்சாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போகட்டும். திபேரியாக் கடற்கரையில் விடியலிலே நின்று, சீடரைப் பார்த்து உண்பதற்கு ஏதேனும் உண்டா என்று வினவிய நம் ஆண்டவர், நம் வீட்டு வாசலிலும் நின்று கேட்கிறார். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லும் துணிவை அவரே நமக்கு அருள்வாராக.