போர்த் தண்ணீரும் சாஃப்ட்னரும்

மார்ச் 9

கீசரைப் பிரித்துப் போட்டிருந்தார் பிளம்பர். காயிலைச் சுற்றி விரல் கனத்துக்குச் சாம்பல் நிறப் படிவு. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் ஓடு ஓடாக உதிர்ந்தது. "பூரா சுண்ணாம்பும்மா. நீங்க கட்டுற கரண்டு மொதல்ல இதைத்தான் சூடு பண்ணுது, அப்புறம்தான் தண்ணியை" என்றார். உண்மைதான். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறினால் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிவிடும். எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

"வீட்டுக்கே சேர்த்து ஒரு சாஃப்ட்னர் போட்டுடுங்கம்மா." மகனுக்கும் அதே எண்ணம். முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்போம் என்றேன்.

மார்ச் 15

முடிவு வந்துவிட்டது. மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் (ஐ.எஸ். 10500) 200 வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். நாங்கள் அதையும் தாண்டிவிட்டோம். எங்கள் பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் அடியில் கிடப்பது சார்னோக்கைட் பாறை. அதன் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரைத்தான் ஆழ்துளைக் கிணறு இழுக்கிறது. தங்கத் தங்கக் கால்சியமும் மெக்னீசியமும் சேரும்.

மார்ச் 23

சாஃப்ட்னர் விற்பவர் வந்து போனார். "இதைப் போட்டா மெட்ரோ தண்ணி மாதிரி ஆயிடும் மேடம்" என்றார். அப்படி ஆகாது. உள்ளே இருப்பது ரெசின் மணிகள். அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் வேலை என்பதால், மொத்த உப்பின் அளவு அப்படியேதான் இருக்கும், டி.டி.எஸ். மீட்டரில் எண் இறங்காது. உப்புக் கரிக்கும் தண்ணீர் கரிக்கத்தான் செய்யும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் ஏறத்தாழ 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். எங்கள் தண்ணீரில் முழுவதையும் நீக்கினால் கிட்டத்தட்ட 290. ரத்தக் கொதிப்புக்காரர் இருக்கும் வீட்டில் அந்தத் தண்ணீரில் சமைக்க விடமாட்டேன். சமையலறைக் குழாய்க்குத் தனி இணைப்பு வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

இன்று பிளம்பரோடு மொட்டை மாடியிலிருந்து பின்கட்டு வரை பைப்பைத் தொடர்ந்து பார்த்தேன். மாடியில் சி.பி.வி.சி.; கீழே, வீடு கட்டியபோது போட்ட ஜி.ஐ. பைப். பிளாஸ்டிக் குழாய்க்குச் சாஃப்ட்னர் தண்ணீரால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஜி.ஐ. பைப்தான் என் கவலை. கடினத் தண்ணீர் இரும்பின் உட்புறத்தில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் படியவிடும். அந்தப் பூச்சு துருவை ஓரளவு தடுக்கும். வில்ஃப்ரெட் லாங்கெலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936-லேயே இதற்குக் கணக்கு வகுத்தார்: தண்ணீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா, கரைக்குமா என்று சொல்லும் குறியீடு அது. கால்சியத்தை அடியோடு எடுத்துவிட்டால் தண்ணீர் கரைக்கும் பக்கம் சாய்ந்துவிடும். புதுப்பூச்சு படியாது, பழையது மெல்லக் கரையும், சில சமயம் சில்லுகளாக வந்து வாஷிங் மெஷின் வடிகட்டியை அடைக்கும். "த்ரெட்டுல துருப்பிடிச்ச ஓட்டையைச் சுண்ணாம்புதான் அடைச்சு வச்சிருக்கும்மா, அது போனா ஒழுகும்" என்று பிளம்பர் ஒரு மூட்டைத் தொட்டுக் காட்டினார். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஏப்ரல் 19

சாஃப்ட்னரை மாட்டியாயிற்று, நான் கேட்டபடி பைபாஸ் வால்வோடு. வால்வைக் கொஞ்சம் திறந்து, ஆறில் ஒரு பங்கு போர்த் தண்ணீரைக் கலக்கவிட்டோம். கடினத்தன்மை 100-ஐ ஒட்டி நிற்கிறது. காயிலைக் காப்பாற்ற இது போதும். இரும்புப் பைப்புக்கும் கொஞ்சம் கால்சியம் மிஞ்சும். சமையலறைக்கும் செடிகளுக்கும் பழைய லைன்தான். சோப்பு பொங்கி நுரைக்கிறது, ஷவரின் கண்கள் அடைபடவில்லை, குழாய்களில் வெள்ளைத் திட்டு இல்லை. பலன் கண்கூடு.

கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் இனி வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் பிளம்பர். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோவது அது. சாஃப்ட்னர் தண்ணீரில் இன்னும் வேகமாகக் கரையுமாம்.

ஜூன் 4

எனக்கு ஆறாத விஷயம் கழிவுநீர். 25 லிட்டர் ரெசின் எங்கள் தண்ணீரில் சுமார் 2,000 லிட்டர் தாங்குகிறது. அதற்குப் பிறகு ரெசினைப் புதுப்பிக்க மூன்று கிலோ கல் உப்பைக் கரைத்து அதன் வழியே விட வேண்டும். மாதத்துக்கு 20 கிலோவுக்கு மேல் உப்பு. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. வெளியேறும் அந்த உப்புக் கழிவை அப்படியே பின்பக்க மண்ணில் விட்டால், அந்த உப்பு இறங்கி எங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும்தான் போகும். கறிவேப்பிலைச் செடி முதலில் கருகும். கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிடா பள்ளத்தாக்கில் வீட்டு சாஃப்ட்னர்களின் உப்பு ஆற்றில் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் 2008-ல் மக்களே வாக்களித்து, உப்புப் போடும் தானியங்கி சாஃப்ட்னர்களை வீடுகளிலிருந்து அகற்றவைத்தார்கள். அங்கே ஆறு கெட்டது. இங்கே கெடப்போவது நம் கிணறு. இப்போதைக்கு அந்தக் கழிவை டிரம்மில் பிடித்துக் கழிவுநீர் லாரியில் அனுப்புகிறோம். செலவுதான், ஆனால் வேறு வழி இல்லை.

அக்டோபர் 27

நல்ல மழை. மொட்டை மாடித் தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்ப்புக்குள் இறங்குகிறது, மிஞ்சுவது போரை ஒட்டிய உறைகிணற்றுக்குப் போகிறது. மழைநீரில் கடினத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். சம்ப் நிறைந்திருக்கும் நாட்களில் சாஃப்ட்னரை மூடியே வைக்கிறோம், உப்பும் மிச்சம். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எத்தனை வீடுகளில் அந்தக் குழாய் இன்று தூர்ந்து கிடக்கிறது!

சாஃப்ட்னர் வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்தக் குழாயைத் தூர்வாருங்கள். பிறகு தண்ணீரைச் சோதித்து, சுவருக்குள் ஓடுவது என்ன பைப் என்று பார்த்துவிட்டு, பைபாஸ் வால்வும் கழிவுக்கு வழியும் கேட்டு வாங்குங்கள். இவை இரண்டுக்கும் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.