வீட்டை அப்புறம் பார்க்கலாம், முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க!

திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வருகிற ஆபீஸ் நண்பர்களே... வீடு தேடக் கிளம்பும்போது ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆதார் ஜெராக்ஸ், அட்வான்ஸ் பணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்!

2019 மே மாசம் என் மனைவிக்குத் திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்தது. எனக்குப் பேனா இருக்கிற இடம்தான் ஆபீஸ். அதனால் வீடு பார்க்கிற உத்தியோகம் என் தலையில். விஷயத்தைக் கேள்விப்பட்ட அம்மா, சம்பளம் கூடுமா குறையுமா என்றெல்லாம் கேட்கவில்லை. "அங்கே தண்ணி வருமாடா?" என்றுதான் கேட்டாள். பூட்டு, பிரியாணி, தண்ணிப் பஞ்சம் - திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருகிற மூன்று. தண்ணியில்லாத ஊர் என்று பெண் கொடுக்க யோசித்த காலம்கூட உண்டு.

ஊருக்குள்ளே ஓடுகிற ஜீவநதி எதுவும் கிடையாது. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து குழாய், வைகை பேரணையிலிருந்து குழாய், காவிரியிலிருந்து ஒரு குழாய். நான் பஸ்ஸில் வந்தேன், காவிரி குழாயில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 2011 கணக்கெடுப்பில் 14 சதுர கிலோமீட்டர் ஊருக்குள் 2,07,327 பேர். 2014ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர் மாறினால் குழாயில் அழுத்தம் கூடிவிடுமா, என்ன?

முதல் நாள் நாகல் நகர் பக்கம் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கம், மார்க்கெட் பக்கம், எது வேண்டுமானாலும் நடந்தே போய் வாங்கலாம். புரோக்கர் அண்ணன், "வீடு ராஜா மாதிரி சார்!" என்றார். ராஜாவை நான் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தேன். வரிசையாக வீட்டுக்கு மூணு நீல டிரம்!

இதுதான் முதல் பாடம். இந்த ஊரில் ஒரு தெருவின் ஜாதகம் அதன் வாசலில் இருக்கிற டிரம்களில் இருக்கிறது. ஒரு டிரம் இருந்தால் பரவாயில்லை, தண்ணி அடிக்கடி வருகிறது. மூணு டிரம், அது போக மாடிப்படிக்குக் கீழே ஏழெட்டுக் குடம் என்றால், எத்தனை நாளைக்கு ஒருக்க வருகிறது என்று கேட்கவே வேண்டாம். இன்னொரு அடையாளம், தள்ளுவண்டியில் குடம் குடமாக நல்ல தண்ணி விற்கிறவர். அவர் தினம் மணி அடித்துக்கொண்டு வருகிற தெருவா? வீட்டுக்காரர் சத்தியமே பண்ணினாலும் நம்பாதீர்கள். வியாபாரி இல்லாத சரக்கைத்தான் தெருவுக்குக் கொண்டு வருவார்!

டம்ளர் எதற்கென்றால், போர் தண்ணியை ருசி பார்க்க. "அங்கிட்டு உப்பு, இங்கிட்டு நல்ல தண்ணி" என்று ஒரே தெருவுக்குள்ளேயே கோடு கிழித்துச் சொல்வார்கள். இரண்டு வாய் குடித்தால் தெரிந்துவிடும். இன்னும் சந்தேகமா? ஒரு வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், தங்கியிருக்கிற இடத்தில் துவரம்பருப்பு வேக வையுங்கள். ஆறு விசில் விட்டும் பருப்பு முழித்துக்கொண்டு நின்றால் அந்த வீடு வேண்டாம். நான் சொந்தக்காரர் வீட்டு குக்கரில் மூன்று தெருத் தண்ணியைப் பரீட்சை வைத்தேன். ஒன்று பாஸ். அந்த அத்தை இன்னமும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

பேகம்பூர் பக்கம் வாடகை என் பட்ஜெட்டுக்குச் சரியாக இருந்தது. பெரிய பள்ளிவாசல், ராத்திரி பத்து மணிக்கும் சுடச்சுடக் கடைகள், மனுஷர்களும் தங்கமானவர்கள். ஆனால் அங்கே பூமிக்கு அடியில் இருக்கிற கதை வேறு. தோல் பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டது, கழிவைப் பூமிக்குள் விட்டது. 1996 ஆகஸ்டு 28ல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் வழக்கில் கொடுத்த தீர்ப்பிலேயே திண்டுக்கல் வருகிறது. இந்த வட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்குப்படி, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நாலில் மூன்று! தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கிணறு மறுநாளே இனிக்குமா? போர் தண்ணியை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரப் பாய்க்கு ஒரு சலாம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். "நாங்களே கேன் தண்ணிதான் தம்பி குடிக்கிறோம்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். நூறு வீடு பார்த்தால் இப்படிச் சொல்கிறவர் ஒருத்தர் கிடைப்பார்.

ஊருக்கு வெளியே பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி பக்கம் போனால் வீடு பெரிசு, காற்று நல்லா வரும், வாடகை குறைவு. அப்போது அதெல்லாம் ஊராட்சி. தபாலில் திண்டுக்கல், தண்ணியில் வேறு கணக்கு! நானும் பி.காம். படித்தவன் என்பதால் ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அங்கே வாடகை 6,000. மாசம் இருபது கேன், முப்பது ரூபாய் வீதம் 600. லாரித் தண்ணியில் என் பங்கு 700. தினம் மூணு குடம், அஞ்சு ரூபாய் வீதம் 450. ஆக 7,750. ஊருக்குள் நல்ல தண்ணியோடு ஒரு வீடு 7,500! சல்லிசான வீடு 250 ரூபாய் அதிகம். குடம் தூக்குகிற என் இடுப்புக்கு டெப்ரிசியேஷன் இதில் போடவில்லை.

"ஒத்திக்கு எடுத்துக்குங்க சார், மூணு லட்சம் கொடுங்க, வாடகையே கிடையாது" என்றும் ஒருத்தர் வந்தார். மூணு லட்சத்தை ஏழு வட்டிக்கு பேங்கில் போட்டால் மாசம் 1,750. அந்த வாடகைக்கு வீடு லாபம்தான். ஆனால் வில்லங்கம் பார்த்து, பத்திரத்தைப் பதிவு பண்ணி, வீட்டு மேல் கடன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை நீட்டணும். "பதிவெல்லாம் எதுக்கு, நமக்குள்ள?" என்றார். நமக்குள்ள என்ற வார்த்தை வந்ததும் நான் எழுந்துவிட்டேன்.

பேச்சிலர் தம்பிகளுக்கு ஒரு நல்ல சேதி. எல்லா ஊரிலும் "ஃபேமிலிக்கு மட்டும்" போர்டு மாட்டுவார்கள். இங்கே ஒரு வீட்டுக்காரர் பேச்சிலர்தான் வேணும் என்றார். "குடும்பம்னா தினம் துவைப்பாங்க. பையன்னா ஞாயித்துக்கிழமைதானே குளிப்பான்?"

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருக்கிறது. ஒரு வீடு, தண்ணி தேன், வாடகை சரி, எல்லாம் சரி. பெரியவர் ஆரம்பித்தார். "சொந்த ஊரு?" திருச்சி. "அது சரி, பூர்வீகம்?" சொன்னேன். "குலசாமி எங்கிட்டு?" குலசாமிக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? நேரே சாதியைக் கேட்க நாகரிகம் இடம் கொடுக்காது, அதனால் சாமியைத் தூது அனுப்புகிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. என் மனைவியின் ஆபீஸில் ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான். அவன் ஊர் பேரையும் தெரு பேரையும் மறைக்காமல் சொன்னான். "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாருப்பா." மாசம் நாலு ஆகியும் டு-லெட் போர்டு ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவன் தினம் மதுரையிலிருந்து அறுபது கிலோமீட்டர் வந்து போனான். அந்த ஊரிலும் இதே கேள்வியைக் கடந்துதான் அறை பிடித்திருந்தான். 2019 பிப்ரவரியில் புது வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கூடாது, 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்'. அந்த வேறு ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும். குடியிருப்பவருக்குத் தண்ணியை நிறுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் குடிவரவே விடாத குலசாமிக் கேள்விக்கு அதில் ஒரு வரி கிடையாது.

தண்ணியை நிறுத்தக் கூடாது என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மாடிப் போர்ஷனில் மோட்டார் சுவிட்சுக்குப் பெட்டி, பெட்டிக்குக் கையகலப் பூட்டு! அந்த வருஷம் ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தப் பூட்டுதான் கண் முன்னால் வந்தது.

கடைசியில் வீட்டைக் காட்டியது புரோக்கர் இல்லை, கோவிந்தாபுரம் பக்கம் இஸ்திரி வண்டிக்கார அண்ணன். எந்த வீட்டில் துணி வெள்ளையாக வருகிறது, எது பழுப்பேறி வருகிறது என்று அவருக்குத் தெரியாதா? "அந்தப் பச்சை கேட் வீட்டைப் பாருங்க தம்பி" என்றார்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். ஊர் கேட்கவில்லை, சாமி கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி.

"வாஷிங் மெஷின் வச்சிருக்கியளா?"

"இருக்குங்கம்மா."

"வாரத்துக்கு ஒருக்கத்தான் போடணும். சம்மதம்னா நாளைக்கே பால் காய்ச்சுங்க."

ஆபீஸ் தம்பிக்கும் அவர்கள் கீழ் போர்ஷனையே கொடுத்தார்கள். அவனிடம் மெஷினே கிடையாது என்பதால் ஐநூறு ரூபாய் குறைத்தும் கொடுத்தார்கள்.